ஏந்திய கை: வைக்கத்தில் எரிந்த பஞ்சாப் அடுப்பு

எங்க ஆயா மீன்கூடை தூக்கினவங்க. முகத்துவாரக்குப்பம் கரைக்கு வர்ற மீனை வாங்கி, எர்ணாவூர், திருவொற்றியூர்னு தெருத்தெருவா தலைச்சுமையா வித்துட்டு மத்தியானம்தான் வீடு திரும்புவாங்க. வெயில்ல தாகம் எடுத்தா வாடிக்கை வீட்டு வாசல்ல தண்ணி கேப்பாங்க. சொம்பைக் கையில தரமாட்டாங்க. ஆயா ரெண்டு கையையும் சேர்த்துக் குழிச்சு, வாய்கிட்ட வச்சுக் குனிவாங்க. வீட்டுக்காரம்மா எட்ட நின்னு மேலேருந்து ஊத்துவாங்க. கேட்டா, கவுச்சிக் கைன்னு ஒரு காரணம். மீன் மட்டும் அதே கையிலேருந்து வீட்டுக்குள்ள போகும்.

சின்னப்பையனா கூடப் போனப்ப இதை நானே பார்த்திருக்கேன். அப்போ ஒண்ணும் தோணலை. தண்ணி குடிக்கிறதுக்கு அது ஒரு முறை போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

இந்தக் குறிப்பை எழுதக் காரணம் வேறொரு கை ஏந்தல். நான் வேலை பார்க்கிறது ஒரு கன்டெய்னர் யார்டில். வடக்கேருந்து வர்ற டிரைவர்கள்ல ஒரு சர்தார்ஜி மாசத்துக்கு ஒரு முறையாவது வந்துவிடுவார். துறைமுக கேட்டில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் நாட்களில், லாரிக்குப் பக்கத்துலயே ஸ்டவ் பத்தவச்சு ரொட்டி சுடுவார். எனக்கும் ரெண்டு எடுத்து வைப்பார். அவருடைய உடைந்த தமிழும் என்னுடைய அதைவிட உடைந்த இந்தியுமாகப் பேச்சு ஓடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வா, எங்க கோயில்ல சாப்பிடலாம்" என்று தி. நகர் ஜி.என். செட்டி சாலையில் உள்ள குருத்வாராவுக்குக் கூட்டிப்போனார்.

தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, தரையில் நீளமாக விரித்த விரிப்பில் வரிசையாக உட்கார்ந்தோம். எனக்கு வலப்பக்கம் டிரைவர். இடப்பக்கம் விலையுயர்ந்த கைக்கடிகாரம் கட்டிய ஒரு பெரியவர். பருப்பு வந்தது, காய் வந்தது. ரொட்டி பரிமாறியவர் மட்டும் அதைத் தட்டில் போடவில்லை. "கையை ஏந்துங்க" என்று டிரைவர் முழங்கையால் இடித்தார். ரெண்டு கையையும் சேர்த்து ஏந்தினேன். டிரைவரும் ஏந்தினார். கடிகாரக்காரரும் ஏந்தினார். எல்லாருடைய கையிலும் ஒரே மாதிரி ரொட்டி விழுந்தது.

சட்டென்று ஆயா ஞாபகம் வந்துவிட்டது. அதே கை, அதே குழிவு. ஆனால் அர்த்தம் நேர் எதிர்.

அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்ததும், முன்பு படித்துவிட்டு மேலோட்டமாகக் கடந்துபோன ஒரு செய்தியைத் தேடி எடுத்தேன். 1924 வைக்கம் போராட்டத்தில் பஞ்சாபிலிருந்து சீக்கியர்கள் வந்து சமையற்கூடம் நடத்தினார்கள் என்ற செய்தி. பழ. அதியமானின் 'வைக்கம் போராட்டம்' நூலைப் படித்தபோது பெரியாரைத் தேடித்தான் படித்தேன். இந்த முறை அந்த அடுப்பைத் தேடிப் படித்தேன். தேடத் தேட, அமிர்தசரஸ், ஜைத்தோ, வைக்கம், சேரன்மாதேவி எல்லாம் ஒரே கேள்வியில் வந்து முட்டின. யார் கையால் கொடுத்ததை யார் சாப்பிடலாம்? யார் பக்கத்தில் யார் உட்காரலாம்?

பந்தியும் பங்கத்தும்

சீக்கியத்தில் பொதுச் சமையற்கூடத்துக்கு லங்கர் என்று பெயர். அங்கே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவது பங்கத். நம்முடைய 'பந்தி'யும் அவர்களுடைய 'பங்கத்'தும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து வந்தவை. 'பங்க்தி' என்ற வடசொல்லுக்கு வரிசை என்று பொருள். வடக்கே போன சொல் பங்கத் ஆனது, தெற்கே வந்த சொல் பந்தி ஆனது.

குரு நானக் (1469–1539) கர்த்தார்பூரில் குடியேறிய காலத்திலேயே பொது உணவு வழக்கம் தொடங்கிவிட்டது. இரண்டாவது குரு அங்கதின் மனைவி மாதா கீவி அந்தச் சமையற்கூடத்தை நடத்தியவர். மூன்றாவது குரு அமர்தாஸ் அதைச் சட்டம்போல ஆக்கினார்: முதலில் பங்கத், அப்புறம்தான் சங்கத். அதாவது, குருவைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் பந்தியில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வா. அக்பர் பாதுஷாவே அப்படி உட்கார்ந்து சாப்பிட்டுத்தான் அவரைச் சந்தித்தார் என்பது சீக்கியர்களின் வழிவழிச் செய்தி.

நம்ம ஊரில் 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்போம். அங்கே பந்திதான் படைக்கே முதல் பயிற்சி. 1699 வைசாகி நாளில் குரு கோவிந்த் சிங் கால்சாவை உருவாக்கியபோது முன்வந்த ஐந்து பேரில் ஒருவர் ஹிம்மத். ஜின்வர் சாதிக்காரர். ஜின்வர்கள் தண்ணீர் சுமப்பவர்கள், படகோட்டுபவர்கள், மீன்பிடிப்பவர்கள். இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நம்ம ஆள் ஒருத்தர் அங்கே முதல் ஐந்துக்குள் நிற்கிறார்! மற்ற நால்வரில் ஒருவர் நாவிதர், ஒருவர் துணிக்கு அச்சு போடும் தொழில் செய்பவர். கோவிந்த் சிங் அவர்களுக்கு ஒரே பாத்திரத்திலிருந்து அமிர்தம் கொடுத்தார். பிறகு அவர்கள் கையாலேயே தானும் வாங்கிக் குடித்தார். குருவே சீடன் முன்னால் கை ஏந்திய காட்சி அது.

அமிர்தசரஸில் ஒரு பிடி பிரசாதம்

சமத்துவம் பேசிய மதத்துக்குள் சாதி நுழையாமல் இருந்ததா? நுழைந்தது. நன்றாகவே உட்கார்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல குருத்வாராக்கள் மகந்துகள் என்ற பரம்பரைப் பொறுப்பாளர்கள் கையில் இருந்தன. பொற்கோயிலிலேயே ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து சீக்கியரானவர்கள் கொண்டுவரும் பிரசாதத்தைப் பூசாரிகள் ஏற்பதில்லை.

1920 அக்டோபர் 12. ஜாலியன்வாலாபாக்கில் கூட்டம் முடித்துவிட்டு, புதிதாக அமிர்தம் பெற்ற ஒடுக்கப்பட்ட சாதிச் சீக்கியர்கள் பொற்கோயிலுக்கு ஊர்வலமாகப் போனார்கள். கையில் கடா பிரசாதம். கோதுமை மாவு, நெய், சர்க்கரை சேர்த்துக் கிண்டுவது. பூசாரிகள் வாங்க மறுத்தார்கள். வாக்குவாதம் முற்றியதும், குரு கிரந்த சாகிப்பைத் திறந்து வரும் பாடலையே தீர்ப்பாக எடுத்துக்கொள்வது என்று முடிவானது. வந்த பாடல் எளியவர்கள் பக்கம் பேசியது. பிரசாதத்தை ஏற்றுக்கொண்டார்கள். கூட்டம் அங்கிருந்து எதிரே உள்ள அகால் தக்தை நோக்கி நகர்ந்ததும், அங்கிருந்த பூசாரிகள் இடத்தைக் காலி செய்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த மாதமே சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி உருவானது. குருத்வாராக்களை மகந்துகளிடமிருந்து மீட்க அகாலிகள் கிளம்பினார்கள். 1921 பிப்ரவரியில் நான்கானா சாகிப்பில் படுகொலை. 1922இல் 'குரு கா பாக்'கில் தடியடி. அடி வாங்கினார்களே தவிர கை ஓங்கவில்லை. இந்தப் பெரிய போராட்டத்துக்குப் பொறி போட்ட சம்பவங்களில் ஒன்று, ஒரு தட்டுப் பிரசாதத்தை யார் கையிலிருந்து வாங்குவது என்ற தகராறு. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒரே விலங்கில் இரண்டு மணிக்கட்டு

1923 ஜூலையில் நாபா சமஸ்தான மன்னர் ரிபுதமன் சிங்கை ஆங்கிலேயர்கள் பதவியிலிருந்து இறக்கினார்கள். அகாலிகள் இதை எதிர்த்தார்கள். நாபாவைச் சேர்ந்த ஜைத்தோவில் அவர்கள் நடத்திய கிரந்தப் பாராயணம் நடுவில் தடுக்கப்பட்டது. அதை முழுசாக முடித்தே தீருவோம் என்று அணி அணியாகத் தொண்டர்கள் போனார்கள். அணிக்கு ஜத்தா என்று பெயர்.

நிலைமையை நேரில் பார்க்க அந்த செப்டம்பரில் மூன்று காங்கிரஸ்காரர்கள் ஜைத்தோ போனார்கள். ஜவாஹர்லால் நேரு, ஆச்சார்ய கித்வானி, மூன்றாமவர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கே. சந்தானம். மூவரும் கைதானார்கள். நேருவின் ஒரு மணிக்கட்டையும் சந்தானத்தின் ஒரு மணிக்கட்டையும் ஒரே விலங்கில் பூட்டி ஊர் வழியே நடத்திப்போனார்கள். நாபா சிறையில் அடைத்தார்கள். நேரு தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார்.

1924 பிப்ரவரி 21இல் 500 பேர் கொண்ட ஜத்தா ஜைத்தோவை அடைந்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. பலர் செத்தார்கள். இரண்டே மாதத்தில், அந்த ரத்தம் காயும் முன்னால், அகாலிகளின் ஒரு சிறு குழு தெற்கே ரயிலேறியது.

வைக்கத்தில் ரொட்டி

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஈழவர், புலையர் முதலானோர் நடக்கக்கூடாது. கோயிலுக்குள் போவது பற்றிய பேச்சே இல்லை, வெறும் தெரு. கிறிஸ்தவர் போகலாம், முஸ்லிம் போகலாம். அதே ஈழவர் மதம் மாறிவிட்டாலும் போகலாம். இந்துவாக இருக்கும்வரை போகமுடியாது.

1924 மார்ச் 30இல் சத்தியாக்கிரகம் தொடங்கியது. முதல் நாள் மூன்று பேர் கைகோத்துப் போனார்கள். குஞ்ஞாப்பி ஒரு புலையர், பாகுலேயன் ஒரு ஈழவர், கோவிந்தப் பணிக்கர் ஒரு நாயர். கைது. அடுத்தடுத்துத் தலைவர்களும் கைது. மதுரையில் வழக்கறிஞராக இருந்து, குற்றப்பரம்பரைச் சட்டத்துக்கு எதிராகப் பிரமலைக் கள்ளர்களுக்காக நின்று, 'ரோசாப்பூ துரை' என்று அழைக்கப்பட்ட ஜார்ஜ் ஜோசப்பும் உள்ளே போனார். ஆள் இல்லாத நிலையில் ஈரோட்டுக்கு அழைப்பு வந்தது. ஏப்ரல் 13இல் பெரியார் வைக்கம் சேர்ந்தார்.

அதே மாதக் கடைசியில் அகாலிகள் வந்தார்கள். லால் சிங், கிருபால் சிங் ஆகியோர் அந்தக் குழுவை நடத்தினார்கள். இதற்கு ஒரு மலையாளி இடையில் இருந்தார். அவர் பின்னாளில் வரலாற்றாசிரியராகவும் இந்தியத் தூதராகவும் புகழ்பெற்ற கே.எம். பணிக்கர். அப்போது காங்கிரஸுக்கும் அகாலிகளுக்கும் நடுவில் தொடர்பாளராக அமிர்தசரஸில் இருந்தார். தன் ஊரில் நடக்கும் போராட்டத்தைப் பற்றி அவர்களிடம் எடுத்துச்சொன்னவர் அவர்தான்.

அகாலிகள் மேடை போட்டுப் பேசவில்லை. கொள்கை விளக்கமும் தரவில்லை. அடுப்பு மூட்டினார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், இலவசமாகச் சாப்பிடலாம்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய ஒரு தகவல் வேண்டும். திருவிதாங்கூர் அரசே நெடுங்காலமாக இலவசச் சாப்பாடு போட்டுக்கொண்டுதான் இருந்தது. ஊட்டுப்புரைகள் என்று பெயர். அரசாங்கச் செலவில் பிராமணர்களுக்கான சாப்பாடு. வரி கொடுப்பவர்களில் ஈழவரும் உண்டு, புலையரின் உழைப்பும் உண்டு. சாப்பிடும் வரிசையில் மட்டும் அவர்கள் இல்லை. அப்படிப்பட்ட ஊரில், கோயில் தெருவுக்கு வெளியே, ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்தவர்கள் ஒரு எதிர்-ஊட்டுப்புரை திறந்தார்கள். ஜைத்தோவில் ஒரு தமிழர் கையில் விலங்கு மாட்டிக்கொண்டதற்குப் பதில் மரியாதை போல எனக்கு இது படுகிறது. அவர்கள் அப்படி நினைத்து வந்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏழு மாத இடைவெளியில் நடந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது அப்படித்தான் தோன்றுகிறது.

காந்தி ஏன் வேண்டாம் என்றார்?

அந்த அடுப்பு சில வாரங்கள்தான் எரிந்தது. காந்தி அதை ஏற்கவில்லை.

முன்பே, ஏப்ரல் 6ஆம் தேதி, ஜார்ஜ் ஜோசப்புக்குக் கடிதம் எழுதி, இதை இந்துக்களே செய்யட்டும், நீங்கள் விலகி நில்லுங்கள் என்று கேட்டிருந்தார். தீண்டாமை இந்துக்கள் செய்த பாவம், அதற்குப் பரிகாரமும் இந்துக்கள்தான் செய்யவேண்டும் என்பது அவர் வாதம். சீக்கியச் சமையற்கூடத்தைப் பற்றியும் 'யங் இந்தியா'வில் எழுதினார். ஏற்கனவே மிரண்டுபோயிருக்கும் வைக்கத்துச் சாதி இந்துக்களுக்கு அது ஒரு அச்சுறுத்தலாகத் தெரியும் என்றார். சொந்தக் காலில் நிற்கவேண்டிய போராட்டம் வெளியார் சோற்றில் நடக்கக்கூடாது என்பதும் அவர் எண்ணம்.

அவர் பக்கத்து நியாயத்தையும் பார்த்துவிடலாம். மதம் மாற்ற வந்திருக்கிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பினால் போராட்டத்தின் முகமே மாறிவிடும். சமஸ்தான அரசுக்கு அதைவிட வசதியான ஆயுதம் வேறு கிடையாது. ஒரு தளபதியாக காந்தி கணக்குப் போட்டது முழுத் தப்பு என்று சொல்லமுடியாது.

ஆனால் எனக்கு இரண்டு கேள்விகள் பாக்கி இருக்கின்றன. கிலாபத் முஸ்லிம்களின் விஷயம். அதில் காந்தி முன்னணியில் நின்றார். அப்போது 'வெளியார்' என்ற கேள்வி வரவில்லையே? இன்னொன்று, தெருவில் நடப்பது மதச் சடங்கா, குடியுரிமையா? ஜார்ஜ் ஜோசப் அதைக் குடியுரிமையாகத்தான் பார்த்தார். குடியுரிமை என்றால் அது எல்லாருடைய பிரச்சினையும்தான். கிறிஸ்தவருக்கும் சீக்கியருக்கும் அதில் என்ன வேலை என்று கேட்கவே முடியாது.

'வெளியார் சோறு தன்மானத்துக்கு இழுக்கு' என்ற எண்ணத்தில்தான் நான் கடைசியாக வந்து நிற்கிறேன். பிச்சைக்கும் பந்திக்கும் வித்தியாசம் சோறு போடுகிறவரின் மதத்தில் இல்லை. போடுகிறவரும் அதே வரிசையில் உட்காருவாரா என்பதில்தான் இருக்கிறது. என் ஆயாவுக்குத் தண்ணீர் ஊற்றியது வெளியார் இல்லை. ஒரே ஊர், ஒரே சாமி. ஆனால் அந்தத் தண்ணீரில் மானம் இல்லை. பஞ்சாப் ரொட்டியில் இருந்தது.

அடுப்பு அணைந்தது. அகாலிகள் திரும்பிப் போனார்கள். சத்தியாக்கிரகம் ஓயவில்லை. நாராயண குரு 1,000 ரூபாய் கொடுத்தார், தன் வெல்லூர் மடத்தையும் போராட்டத்துக்கு விட்டுக்கொடுத்தார். பெரியார் இரண்டு முறை சிறை சென்றார். மொத்தம் 74 நாள் சிறையில். நாகம்மையாரும் களத்தில் இறங்கினார். 1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோது மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. கிழக்குத் தெரு திறக்கவில்லை. பெரியார் பின்னாளில் வைக்கம் பற்றிப் பேசியபோது, பஞ்சாபிலிருந்து ஆட்கள் உதவிக்கு வந்ததையும் அது நிறுத்தப்பட்டதையும் சொல்லியிருக்கிறார்.

அதே நேரம் சேரன்மாதேவியில்

வைக்கம் கொதித்துக்கொண்டிருந்த அதே காலம். திருநெல்வேலிப் பக்கம் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு என்ற செய்தி வெடித்தது. காங்கிரஸ் நிதி பெற்ற நிறுவனம் அது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கடுமையாக எதிர்த்தார்கள். தமிழ்நாட்டின் பிராமணரல்லாதார் அரசியலைத் திசைதிருப்பிய சம்பவங்களில் இதுவும் ஒன்று. 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அதற்கு வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் நேரடிக் காரணம். ஆனால் அந்தக் கோபத்தின் அடியில் ஒரு சாப்பாட்டு வரிசையும் இருந்தது.

நம்மிடம் பந்தி மரபே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடையாய் நடந்து பாடிய வள்ளலார்தான் 1867 மே 23இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி பார்க்காமல் பசித்தவருக்கெல்லாம் சோறு. அன்று மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிறது. தென்கோடியில் அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் குளிக்கவும் ஒன்றாகச் சாப்பிடவும் வழிசெய்தார். ஆக, கேள்வி நமக்குப் புதிதில்லை. பதிலும் புதிதில்லை. அந்தப் பதிலைத் தினசரி வழக்கமாக்குவதில்தான் சறுக்குகிறோம்.

தலைப்பாகை கட்டிய தமிழர்

வைக்கத்து ரொட்டி அதோடு மறந்துபோகவில்லை. 1935 அக்டோபர் 13இல், இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாகமாட்டேன் என்ற பொருளில் அம்பேத்கர் யேவலாவில் அறிவித்தார். அடுத்த ஏப்ரலில் அமிர்தசரஸில் நடந்த சீக்கிய மாநாட்டுக்குப் போனார். சீக்கியத்தைத் தழுவுவது பற்றித் தீவிரமாக யோசித்தார். கேரளத்தில் ஈழவ இளைஞர்கள் சிலர் 1936இல் சீக்கியரே ஆனார்கள். அந்த நவம்பர் 12இல் திருவிதாங்கூர் மன்னர் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியிட்டார். வேறு வழியைத் தேடி ஆட்கள் வெளியே போகத் தொடங்கியதும் பூட்டியிருந்த கதவு திறந்தது. அம்பேத்கர் கடைசியில் சீக்கியம் போகவில்லை. 1956இல் பௌத்தம் தழுவினார்.

தமிழ்நாட்டில் சீக்கியர்கள் குறைவு. 2011 கணக்கெடுப்பில் 15 ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. அதிலும் பெரும்பாலோர் தொழிலுக்காகவும் உத்தியோகத்துக்காகவும் வந்த பஞ்சாபிக் குடும்பங்கள். சென்னை மாகாணச் சிறைத்துறைத் தலைவராக இருந்த கர்னல் குர்தியால் சிங் கில் போன்றவர்கள் முன்னின்றுதான் தி. நகர் குருத்வாரா எழுந்தது. சூளைமேட்டில் உள்ள கில் நகர் அவர் பெயரில் இருக்கிறது. வேளச்சேரி குருநானக் கல்லூரி 1971இல் வந்தது. எங்கள் பக்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பஞ்சாபிப் பாட்டிலெல்லாம் கம்பீரமாக வரும் புல்லட் வண்டி திருவொற்றியூரில்தான் உருவானது!

சமீபத்தில் வேறு ஒரு வகைச் சீக்கியர்கள் தோன்றியிருக்கிறார்கள். பஞ்சாபிகள் இல்லை, தென் தமிழகத்துத் தமிழர்கள். 2020–21 விவசாயிகள் போராட்டத்தின்போது தில்லி எல்லையில் லங்கர்களைப் பார்த்த தாக்கமும் இதில் உண்டு. 2024 மக்களவைத் தேர்தலில் பகுஜன் திராவிடக் கட்சி சார்பில் தலைப்பாகை கட்டிய தமிழ்ச் சீக்கியர்கள் ஏழு பேர் போட்டியிட்டார்கள். ஓட்டுக் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் சேரன்மாதேவி இருக்கிற அதே தெற்கத்திச் சீமையில், நூறு வருஷம் கழித்து, பந்தியைத் தேடி ஒரு மதத்துக்கு ஆட்கள் போகிறார்கள் என்பதைச் சிரித்துக் கடந்துவிட முடியவில்லை.

அவர்கள் போகிற இடம் சொர்க்கமா என்றால், இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி பஞ்சாபில் பட்டியல் சாதியினர் கிட்டத்தட்ட 32 சதவீதம். இந்திய மாநிலங்களிலேயே அதிகம். மஜபி சீக்கியர்களுக்குத் தனிக் குருத்வாரா, தனிச் சுடுகாடு உள்ள கிராமங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. பட்டியல் சாதி ஆணையில் முதலில் நான்கு சீக்கியச் சாதிகளையும், 1956இல் மற்றவர்களையும் சேர்க்க வேண்டியிருந்தது. மதம் சாதியை ஒழித்திருந்தால் அதற்கு அவசியமே வந்திருக்காது. ஆனாலும் ஒரு வித்தியாசம். சாதி பார்க்கிற சீக்கியரிடம் போய், உன் குரு போட்ட பந்தியை நீயே மீறுகிறாய் என்று அவர் மதத்தின் அடுப்பைக் காட்டியே கேட்கலாம். 1920 அக்டோபரில் ஒரு தட்டுப் பிரசாதத்தோடு போனவர்கள் கேட்டது அதைத்தான்.

ஒரு சமூகத்தின் அடையாளம் எது என்று நாம் பேசும்போது தலைப்பாகை, தாடி, குத்துவாள் என்று கண்ணுக்குத் தெரிவதிலேயே நின்றுவிடுகிறோம். எனக்கு இப்போது அடையாளம் என்றால் அந்த வரிசைதான்.

எங்கள் பந்தி

இதை இங்கேயே முடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் ஒன்று பாக்கி.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எங்கள் கழிமுகத்தில் படிந்தது ஞாபகம் இருக்கும். படகு, வலை, வீட்டுச் சுவர், அலையாத்திச் செடி எல்லாம் கறுப்பு. வாரக்கணக்கில் தொழில் இல்லை. குப்பத்தில் நாங்களே அரிசி சேர்த்துப் பொதுவில் சமைத்தோம். அன்னைக்குக் கரண்டி பிடிச்சவங்கள்ல நானும் ஒருத்தன்.

எங்கள் ஆட்கள் பந்தல் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கழிமுகச் சேற்றில் இறங்கி வெறும் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் குடும்பங்கள் கொஞ்சமும் வந்திருந்தன. அவர்களுக்கும் அதே எண்ணெய்தான், அதே பசிதான். அவர்கள் பந்தலுக்கு வெளியே நின்றார்கள். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை. ஒரு வயசான அம்மா ஏனத்தை நீட்டினாங்க. நான் சோறு போட்டேன். கொஞ்சம் எட்ட நின்னு, மேலேருந்து.

அப்போ அது எனக்கு உறைக்கலை. இல்லாதவங்களுக்கும் சேர்த்துத்தான் போடுறோம்னு ஒரு பெருமை கூட இருந்தது. தி. நகரில் அந்த ரொட்டி என் கையில் விழுந்த பிறகுதான் அந்த அம்மாவின் கை ஞாபகம் வந்தது. ஆயாவின் கைக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஊற்றுகிற இடத்தில் மட்டும் ஆள் மாறியிருக்கிறேன்.

வைக்கத்துச் சாதி இந்துக்களை, குருகுலத்தை, மகந்துகளை எல்லாம் இத்தனை பத்தி திட்டிவிட்டு இதை எழுதாமல் விட்டால் அது வரலாறு இல்லை, வக்காலத்து.

அடுத்த ஆடித் திருவிழாக் கூழ் ஊற்றும்போது பந்தலை இன்னும் பத்தடி தள்ளிப் போடணும், எல்லாரும் உள்ளே உட்காரணும்னு குப்பத்துப் பெரியவங்ககிட்ட கேட்டிருக்கேன். ரெண்டு பேர் சரின்னாங்க. ஒருத்தர், "அது பழக்கமில்லியே தம்பி"ன்னார். பழக்கமில்லைதான். 1920லும் இல்லை, 1924லும் இல்லை. கேட்டுக்கிட்டே இருக்கப்போறேன். என்ன ஆச்சுன்னு ஆடி முடிஞ்சதும் இங்கேயே எழுதுறேன்.